வருடக் கடைசி இழை: ஃபோட்டோ வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்

மொட்டைமாடி (மிசிசாகா, கனடா) – டிசம்பர் 28

வழக்கம்போல நம் அரட்டை இழையைத் திறந்தாயிற்று. விதி ஒன்றுதான்: ஃபோட்டோ கூடாது. ஃபோட்டோவில் எல்லோரும் பனியில் சிரித்துக்கொண்டுதான் நிற்பீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வழுக்கி விழுந்தீர்கள், யாரோடு சண்டை, அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஒட்டாவா போனோம். அங்கே ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்கேட்டிங் தளமாகிவிடும் என்று அக்டோபரிலிருந்தே பையனிடம் பில்டப் கொடுத்துவைத்திருந்தேன். ஸ்கேட் வாங்கி, டிக்கியில் போட்டு, 401 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்டிப்போய்ப் பார்த்தால் கரையோரம் கொஞ்சம் ஐஸ், நடுவில் கறுப்பாகத் தண்ணீர். ஐஸ் 30 சென்டிமீட்டர் தடித்தால்தான் ஆளை இறங்க விடுவார்களாம். அது பெரும்பாலும் ஜனவரியில்தான் நடக்கும். 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, 1970களில் ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. இதையெல்லாம் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு ஃபோனில் படித்தேன். மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சமாதானத்துக்கு பைவார்டு மார்க்கெட்டில் பீவர்டெய்ல் வாங்கிக் கொடுத்தேன். பீவர் என்கிற விலங்கின் வால் மாதிரி நீளமாக இழுத்த மாவை எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவித் தருவார்கள். பையன் ஒரு கடி கடித்துவிட்டு, "அப்பா, இது சர்க்கரை போட்ட பூரி" என்றான். எட்டு டாலர் பூரி.

திரும்பும்போது இன்னொரு கூத்து. பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புக் கொட்டியிருந்தார்கள். முன்னால் போகிற லாரி அந்த உப்புச் சேற்றைக் கண்ணாடியில் வாரி அடிக்கும். வைப்பரைப் போட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பூசிக்கொள்ளும். வாஷரை அழுத்தினால் சொட்டுக்கூட வரவில்லை. செப்டம்பரில் ஐயாதான் சிக்கனமாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தேன். அது தொட்டியிலேயே கல்லாகிவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க் வரும்வரை அங்கங்கே ஓரம்கட்டி, தெருவோரப் பனியைக் கையில் அள்ளிக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்து வந்தோம். மைனஸ் 40 வரை உறையாத நீல வாஷர் ஒரு கேன் ஐந்து டாலர்தான். இதையும் மனைவி சொல்லவில்லை.

கடைசிபெஞ்சு (மெல்பர்ன்) – டிசம்பர் 28

இங்கே 37 டிகிரி. எம்.சி.ஜி. மைதானத்தில் பாக்சிங் டே கிரிக்கெட் டெஸ்ட் பார்க்கப் போய்க் கழுத்துத் தோல் உரிந்து கிடக்கிறேன். குளிர்கால இழையில் எனக்கு அனுமதி உண்டா?

மொட்டைமாடி – டிசம்பர் 28

கிடையாது.

வடைசட்டி (ஸ்டுட்கார்ட், ஜெர்மனி) – டிசம்பர் 29

மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூட்டிப்போனேன். இங்கே ஒரு வகைச் சூடான ஒயின் விற்பார்கள், க்ளூவைன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுச் சுட வைத்தது. பிள்ளைகளுக்கு அதே மசாலாவில் பழச்சாறு, கிண்டர்புன்ஷ். நிறமும் ஒன்று, குவளையும் ஒன்று. நான் நாலு குவளையையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்த லட்சணத்தில், மாமியாருக்கு எது போயிற்று என்று அவர் பாதி குடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாழ்நாளில் மதுவை மோந்துகூடப் பார்க்காதவர். "சுக்குக் கஷாயம் மாதிரி நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது மாப்பிள்ளை" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம், "அந்தக் கஷாயக் கடைக்கு இன்னொரு நடை போகலாமா?" என்று கேட்டார். சந்தை முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

மாமனார் கதை வேறு. குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். அதில் ஊர்ப் பேரும் படமும் போட்டிருப்பதைப் பார்த்து நாலையும் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திருடவில்லை, முன்பணத்தை விட்டுக்கொடுத்தால் குவளை நம்முடையதுதான். ஆனால் அவர் திருடியதாக நினைத்துக்கொண்டு சந்தையின் வாசல்வரை வேகமாக நடந்தார். பார்க்க வேண்டுமே.

மற்றபடி பன்னிரண்டு வருஷமாக இருந்தும் அதே தப்பு. 24ஆம் தேதி மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. தயிர் தீர்ந்துபோய், ரயில் நிலையத்துக்குள் திறந்திருக்கிற ஒரே கடையில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அவருக்கு வீட்டில் என்ன நெருக்கடியோ.

கண்ணாடி (சப்போரோ, ஜப்பான்) – டிசம்பர் 30

உங்களுடையதெல்லாம் குளிரா? இந்த ஊரில் ஒரு பருவத்துக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் பனி கொட்டும். 20 லட்சம் பேர் வாழ்கிற நகரம்.

நாகானோ போனோம், ஜிகொகுதானியில் குரங்குகள் வெந்நீர் ஊற்றில் குளிப்பதைப் பார்க்க. பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரத்துக்கு மேல் காட்டுப் பாதையில் நடை. போய்ப் பார்த்தால் அவை கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தலை மயிரில் பனி, முகம் மட்டும் சிவப்பு. கரையில் நாங்கள் இருநூறு பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிறோம். ஒரு குட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பரிதாபம்தான் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை வீட்டுக்குத் திரும்பிய பிறகு. இங்கே குளிர்காலத்தில் வெளியூர் போனால் குழாய்களில் இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது, 'மிசு ஒதோஷி' என்பார்கள். வீடு பிடித்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். நான் தலையாட்டினேன், உங்களுக்குத்தான் என் தலையாட்டல் தெரியுமே. மூன்று நாள் கழித்து வந்தால் சமையலறைக் குழாய் திறக்கவே இல்லை. வந்த பிளம்பர் நீராவி மெஷினை வைத்து முக்கால் மணி நேரம் இளக்கினார். முடிந்ததும் குனிந்து வணக்கம் வைத்து, அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று மறுபடி காட்டிவிட்டுப் போனார். அவர் திட்டாததுதான் ரொம்ப வலித்தது. மொட்டை, உன் நிலைமை புரிகிறது.

சுக்குகாபி (திருச்சி) – டிசம்பர் 30

ஊரில் இருப்பவனும் எழுதலாம்தானே? இன்று காலை 21 டிகிரி. பக்கத்து வீட்டுத் தாத்தா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், மேலே ஒரு போர்வை சகிதம் பால் வாங்க வந்தார். விடிவதற்கு முன்னாலேயே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, கோலத்து நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ, வெண்பொங்கல் பிரசாதம். எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

துருவக்கோழி எங்கே? ஆகஸ்டில் போனவள், ஆளையே காணோம்.

துருவக்கோழி (ட்ரோம்சோ, நார்வே) – டிசம்பர் 31

இருக்கிறேன், இருட்டில். நவம்பர் 27க்கு அப்புறம் இங்கே சூரியன் தலை காட்டவில்லை.

ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி கும்மிருட்டு இல்லை. பகல் பத்தரை மணி வாக்கில் வானம் நீலமாகும். நம் ஊரில் மார்கழி விடியலில் கோலம் போடும்போது இருக்குமே, அந்த வெளிச்சம். தெற்கே மலை விளிம்பில் லேசாக ரோஸ் நிறம் ஏறும். இதோ விடியப்போகிறது என்று தோன்றும்போதே மறுபடி இருட்டத் தொடங்கிவிடும். விடியலையும் அந்தியையும் நடுவில் பகலே இல்லாமல் ஒட்டவைத்த மாதிரி.

அம்மா மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்குத்தான் கஷ்டம். விளக்கு வைக்கிற நேரம் எது? முதல் வாரம் பகல் ஒன்றரைக்கே, "பொழுது சாஞ்சிடுச்சு" என்று ஏற்றிவிட்டாள். இப்போது திருச்சி நேரம் ஆறு மணி, அதாவது இங்கே மதியம் ஒன்றரை, அதுதான் கணக்கு என்று முடிவாகிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை.

குளிர் அவ்வளவு இல்லை. 69ஆவது அட்சரேகையில் இருந்தும் ஜனவரி சராசரி மைனஸ் 4 பக்கம்தான். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையை ஒட்டி வருவதால் துறைமுகம் உறைவதே இல்லை. ஆனால் பனி உருகி, மழை பெய்து, மறுபடி உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடி. செருப்புக்கு அடியில் ஆணி வைத்த ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் நடப்பார்கள். அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். "ஆணிச் செருப்பா? நான் எந்தச் சாமிக்குடி வேண்டிக்கிட்டேன்?" என்றாள். ஆணி கீழ்ப்பக்கம்தான் என்று கழற்றிக் காட்டிய பிறகே நடந்தாள்.

வட துருவ ஒளி பார்த்தாயா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பார்த்தபோது மேகம் என்று நினைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஃபோனை நீட்டினால் அதில் பச்சை. கண்ணுக்குத் தெரியாததை ஃபோன் காட்டுகிறது என்று எரிச்சலாகக்கூட இருந்தது. 18ஆம் தேதி ராத்திரிதான் நிஜமாக வந்தது. பச்சைத் திரை ஒன்று வானத்தில் தொங்கி, யாரோ அடியில் பிடித்து உதறிய மாதிரி மடிப்பு மடிப்பாக ஓடியது. கீழ் ஓரத்தில் ரோஸ் நிறக் கரை. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்ஸிஜன் கொடுக்கிற பச்சை அது, கரை மட்டும் நைட்ரஜன். அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. "பட்டுப்புடவைக்கு இந்தக் காம்பினேஷன் எடுப்பா இருக்கும்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி, நடுவில் ஒரு கட்டி வெண்ணெய் போட்டுத் தந்தார். பானைக்குள் ஒரே ஒரு பாதாம் போட்டிருப்பார்களாம். யார் தட்டில் வருகிறதோ அவருக்குப் பரிசு. அம்மாவுக்கு வந்தது! பரிசு என்னவென்றால், பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்த ஒரு பன்றி. குட்டியாக, ரோஸ் கலரில். அம்மா அதைத் தின்னவும் மாட்டேன் என்கிறாள், தூக்கிப் போடவும் விடவில்லை. "வராக அவதாரம்" என்று சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

வடைசட்டி – டிசம்பர் 31

வராகரை விழுந்து சேவித்தேன். ஒரு சந்தேகம். அந்த ஊரில் தோசை மாவு புளிக்கிறதா? இங்கே 18 டிகிரி வீட்டில் இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கிறது. ஓவனுக்குள் வைத்து அதன் லைட்டை மட்டும் போட்டுவைக்கிறோம்.

துருவக்கோழி – டிசம்பர் 31

பாத்ரூம். சிரிக்காதே. நார்வேயில் பாத்ரூம் தரைக்கு அடியில் வெப்பக் கம்பி ஓடும், தரை எப்போதும் கதகதப்பு. மாவுப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அங்கே வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அம்மா முதலில், "பாத்ரூம்லயா!" என்று கத்தினாள். முதல் இட்லியைப் பிட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு இல்லை. குளிக்கப் போகும்போது மட்டும் மாவு ஹாலுக்கு வரும்.

துருவக்கோழி – ஜனவரி 6

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். இப்போது நிஜமான கேள்வி. 15ஆம் தேதி பொங்கல். அம்மா நேற்று கேட்டாள்: "சூரியனே இல்லாத ஊர்ல யாருக்குடி பொங்கல் வைக்கிறது?" நான் முழித்தேன். யோசனை சொல்லுங்கள்.

கடைசிபெஞ்சு – ஜனவரி 6

இங்கிருந்து வேண்டுமானால் கொஞ்சம் வெயில் பார்சல் அனுப்புகிறேன். நிறையவே மிச்சம் இருக்கிறது. இல்லையென்றால் நேரே மாட்டுப் பொங்கலுக்குப் போய்விடு. கலைமான் இருக்கிறதே, கொம்புக்குப் பெயிண்ட் அடி.

வடைசட்டி – ஜனவரி 6

மாமியாரிடம் கேட்டேன். ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: தை ஒன்று என்றால் தை ஒன்றுதான். மேகமூட்டமாக இருந்தால் பொங்கல் வைக்காமலா இருக்கிறோம்?

கண்ணாடி – ஜனவரி 7

அந்த ஒப்பீடு சரியில்லை. மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது. ட்ரோம்சோவில் அது பூமிக்கே பின்னால்.

இன்னொன்றும் இருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையைச் சுற்றுவதால் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் தை 1 தள்ளிப்போகிறது. ஏறத்தாழ 1700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. இப்போது 24 நாள் இடைவெளி. ட்ரோம்சோவில் சூரியன் என்றைக்குத் திரும்புகிறது? யாருக்காவது தெரியுமா?

துருவக்கோழி – ஜனவரி 7

ஐயோ. கணக்குப்படி ஜனவரி 15.

மொட்டைமாடி – ஜனவரி 7

புல்லரிக்கிறது போ.

சுக்குகாபி – ஜனவரி 7

முடிந்தது கதை. அம்மாவிடம் சொல், தை பிறந்தால் சூரியனுக்கே வழி பிறக்கிறது. 15ஆம் தேதி வை.

துருவக்கோழி – ஜனவரி 8

அவ்வளவு சுலபமில்லை. 15ஆம் தேதி வருவது தட்டையான அடிவானத்துக்குத்தான். எங்களுக்குத் தெற்கே மலை நிற்கிறது. ஊருக்குள் வெயில் விழுவது 21ஆம் தேதி. அன்றைக்கு இங்கே ஒரு திருவிழாவே உண்டு. சூரிய நாள் என்று பெயர். பேக்கரி வாசலில் வரிசை நின்று 'சூல்பொல்லெ' வாங்குவார்கள், சூரிய பன். எண்ணெயில் பொரித்த உருண்டை பன், உள்ளே ஜாம். பள்ளிக்கூடத்திலும் கொடுப்பார்களாம்.

இன்னொரு சிக்கல், திசை. அம்மா கிழக்கு எது என்று கேட்டாள். முதல் சூரியன் கிழக்கில் வராது, நடுப்பகலில் நேர் தெற்கே எட்டிப்பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிடும். "தெக்கு பாத்தா? ஆகாதுடி" என்கிறாள்.

சுக்குகாபி – ஜனவரி 8

அப்படியென்றால் 15ஆம் தேதி காலை நான் மொட்டைமாடியில் நின்று வீடியோ கால் போடுகிறேன். (மேலே இருக்கிற மொட்டைமாடி இல்லை, எங்கள் வீட்டு மொட்டைமாடி.) இங்கே சூரியன் 6.40 வாக்கில். உங்களுக்கு எத்தனை மணி?

துருவக்கோழி – ஜனவரி 8

ராத்திரி 2.10. அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். நான்தான் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

வடைசட்டி – ஜனவரி 9

அடுப்பு கண்ணாடி மேடையா? பால் பொங்கி வழிந்தால் கரிந்து பிடித்துக்கொள்ளும். ஆறியபின் துணியால் தேய்க்காதே, பிளேடு வைத்த சுரண்டி கிடைக்கும், அதைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டு. போன வருஷம் எங்கள் வீட்டில் பொங்கியதும் புகை அலாரமும் சேர்ந்து அலறியது. பிள்ளைகள் அதையும் பொங்கலோ பொங்கலில் சேர்த்துக்கொண்டார்கள்.

மொட்டைமாடி – ஜனவரி 15

இனிய பொங்கல்! வீட்டு வாசலில் கேஸ் அடுப்பு வைத்தேன். மைனஸ் 16, காற்று வேறு. முக்கால் மணி நேரம் ஆகியும் பால் ஆவி விட்டதே தவிரப் பொங்கவில்லை. கடைசியில் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். கோழி, அங்கே என்ன ஆயிற்று?

சுக்குகாபி – ஜனவரி 15

நான் சொல்கிறேன். 6.40க்கு ஃபோனைக் கிழக்கே காட்டினேன். பனிமூட்டம். எட்டு மணி வரை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் அம்மா ராத்திரி மூன்றரை வரை ஃபோன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

துருவக்கோழி – ஜனவரி 15

"உங்க ஊர்லயும் இல்லையா?" என்று அவனைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். வெண்பொங்கல் மட்டும் செய்தோம். சர்க்கரைப் பொங்கல் 21ஆம் தேதிக்குத் தள்ளிவைப்பு.

துருவக்கோழி – ஜனவரி 21

பதினொரு மணிக்குப் பானை பொங்கியது. அலாரம் அடிக்கவில்லை, அதன் வாயில் முன்கூட்டியே ஷவர் தொப்பி மாட்டியிருந்தேன். அம்மா பட்டுப்புடவைக்கு மேல் என்னுடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஆணிப் பட்டையோடு, சின்னத் தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு வந்தாள். குடியிருப்புக்குப் பின்னால் மேட்டில் பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பெட்டி நிறைய சூரிய பன்னோடு.

தெற்கே முழுக்க மேகம். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேகத்தின் ஒரு ஓரம் மட்டும் அடுப்புத் தணல் மாதிரி சிவந்தது. எதிர்க்கரை வீடுகளின் மேல் மாடி ஜன்னல் இரண்டு மூன்று மின்னின. அவ்வளவுதான், மூடிக்கொண்டது. அம்மா ஜாக்கெட் கையுறையோடு கும்பிட்டாள். தெற்கே பார்த்துத்தான்.

பாட்டி எங்களுக்கு ஆளுக்கொரு பன் கொடுத்தார். அம்மா தூக்கைத் திறந்து பொங்கல் கொடுத்தாள். பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி, கிறிஸ்துமஸ் அரிசிக் கஞ்சிதானே என்று. ஒரு வாய் வைத்தவர் திடீரென்று நிறுத்தி, நாக்கு நுனியில் ஒரு முந்திரியைக் காட்டி, தான் ஜெயித்துவிட்டதாகக் கையைத் தூக்கிக் கத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வாயில் இன்னொன்று. அதற்கடுத்த வாயில் இரண்டு. பாட்டி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், எத்தனை பன்றி தரப்போகிறீர்கள் என்கிற மாதிரி.

அம்மா என் தோளை இடித்து மெல்லக் கேட்டாள். "ஏண்டி, முந்திரி கம்மியாப் போச்சா?"